சம்பளத்துக்காக வீரர் கிளம்பினால் ரசிகர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

2017 ஜூன் 18. போலந்தின் கிராகோவ் நகரில் 21 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பியப் போட்டி. இத்தாலியும் டென்மார்க்கும் ஆடிக்கொண்டிருந்தன. இத்தாலியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் இருந்த கூட்டத்திலிருந்து கற்றை கற்றையாகக் காகிதம் பறந்து வந்து விழுந்தது. அத்தனையும் போலி டாலர் நோட்டுகள். அவற்றை அப்புறப்படுத்த ஆட்டத்தையே கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. கோலில் நின்றவர் ஜான்லூயிஜி டொன்னரும்மா, வயது 18. அவர் பெயரில் டாலரை நுழைத்து ‘டாலருமா’ என்று எழுதிய பேனர் ஒன்றும் அங்கே தொங்கியது.

அவர் செய்த குற்றம்? மூன்று நாள் முன்புதான் ஏசி மிலான் கிளப் ஓர் அறிவிப்பு வெளியிட்டிருந்தது: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க டொன்னரும்மா சம்மதிக்கவில்லை. அவ்வளவுதான். ஓராண்டு ஒப்பந்தம் அப்போது பாக்கி இருந்தது. ஆட மாட்டேன் என்றும் அவர் சொல்லவில்லை. ஆனால் 14 வயதில் மிலானின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 16 வயதிலேயே முதல் அணிக்கு வந்த பையன் அவர். அந்த ஆண்டு மார்ச்சில் யுவென்டஸிடம் தோற்ற இரவில், சட்டையில் இருந்த மிலான் சின்னத்துக்கு எல்லோரும் பார்க்க முத்தம் கொடுத்திருந்தார். அந்த முத்தத்துக்கும் இந்த அறிவிப்புக்கும் இடையில் மூன்றே மாதம்.

கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். கூடுதல் சம்பளம் கிடைத்தால் வேலை மாறுவது எல்லோரும் செய்வதுதான். அலுவலகத்தில் ஒருவர் மாறினால் கேக் வெட்டி வழியனுப்புகிறோம், அவர் படம் போட்ட நோட்டை யாரும் வீசுவதில்லை. கால்பந்தில் மட்டும் ஏன் இப்படி? ‘பணத்தாசை பிடித்தவன் மேல் வரும் கோபம்’ என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் பதில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோடி கோடியாக வாங்கிக்கொண்டு அதே கிளப்பில் இருப்பவரை ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். பெரிய தொகைக்குப் போன சிலரைக் கண்ணீரோடு வழியனுப்பியும் இருக்கிறார்கள். ஆக, கோபத்தை முடிவு செய்வது தொகை மட்டும் இல்லை. எங்கே போகிறார், எப்போது சொல்கிறார், முன்பு என்ன சொல்லியிருந்தார் என்பவைதான். அதைப் பார்ப்பதற்கு முன் பணம் எப்படி ஓடுகிறது என்பது கொஞ்சம் தெரிந்தாக வேண்டும்.

ஒப்பந்தம் எப்படி வேலை செய்கிறது

ஒரு வீரருக்கும் கிளப்புக்கும் இடையே இத்தனை ஆண்டு என்று ஒப்பந்தம் இருக்கும். அது முடிவதற்குள் வேறொரு கிளப் அவரை எடுக்க வேண்டுமென்றால், பழைய கிளப்புக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். செய்திகளில் வரும் ‘100 மில்லியன் டிரான்ஸ்ஃபர்’ என்பது இதுதான். புதிதாகப் பார்ப்பவர்கள் பலர் இது வீரரின் பைக்குப் போவதாக நினைக்கிறார்கள். இல்லை, கிளப்பிலிருந்து கிளப்புக்குப் போகும் பணம் அது. வீரருக்குக் கிடைப்பது சம்பளமும், கையெழுத்துப் போடும்போது தரப்படும் தொகையும், போனஸும்.

ஒப்பந்தம் முடிந்துவிட்டால் பழைய கிளப்புக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. இதைத்தான் ஃப்ரீ டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். புதிய கிளப்புக்கு டிரான்ஸ்ஃபர் தொகை மிச்சம் என்பதால், அதில் ஒரு பங்கைச் சம்பளமாகவும் கையெழுத்துத் தொகையாகவும் வீரரிடமே கொடுத்துவிடும். எனவே கடைசி ஆண்டு நெருங்க நெருங்க பேரம் பேசும் பலம் கிளப்பிடமிருந்து வீரரிடம் வந்துவிடுகிறது. கடைசி ஆறு மாதத்தில் வேறு நாட்டுக் கிளப்போடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் ஃபிஃபா விதி அனுமதிக்கிறது. ‘இரண்டு வருஷம்தான் பாக்கி, இன்னும் கையெழுத்துப் போடவில்லையே’ என்று ரசிகர்கள் பதறுவது இதனால்தான். அந்த நிலையில் கிளப்புக்கு இருப்பது மூன்று வழி: கேட்டதைக் கொடுப்பது, இப்போதே விற்பது, சும்மா விட்டுக்கொடுப்பது.

ஸ்பெயினில் இன்னொரு வழியும் உண்டு. அங்கே 1985-ல் வந்த ஓர் அரசாணையின் விளைவாக, ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ‘இவ்வளவு கட்டினால் போகலாம்’ என்று ஒரு விடுவிப்புத் தொகை எழுதப்படுகிறது. அந்தத் தொகையைக் கட்டிவிட்டால் கிளப் தடுக்க முடியாது. 2000-ல் லூயிஸ் ஃபீகோ பார்சிலோனாவிலிருந்து ரியல் மாட்ரிட் போனதும், 2017-ல் நெய்மார் 222 மில்லியன் யூரோவுக்குப் பாரிஸ் கிளப்புக்குப் போனதும் இப்படித்தான்.

இந்தச் சுதந்திரம் வீரர்களுக்கு எளிதாகக் கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1961 ஜனவரி வரை சம்பளத்துக்கு உச்சவரம்பே இருந்தது, கடைசிக் காலத்தில் வாரத்துக்கு 20 பவுண்டு. எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும் அதற்கு மேல் கிடையாது. வீரர்கள் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று மிரட்டிய பிறகே வரம்பு போனது. உடனே ஃபுல்ஹாம் கிளப் ஜானி ஹேன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. அப்போதும், ஒப்பந்தம் முடிந்த வீரரை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை கிளப்புக்கு இருந்தது. நியூகாசில் கிளப்போடு மோதிய ஜார்ஜ் ஈஸ்டம் நீதிமன்றம் போய் 1963-ல் அதை ஆட்டம் காணச் செய்தார்.

மிச்சத்தை உடைத்தவர் பெல்ஜியத்தின் ஜான்-மார்க் பாஸ்மன். 1990-ல் லியேஜ் கிளப்போடு அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் கிளப் தர முன்வந்த சம்பளம் பழையதில் நான்கில் ஒரு பங்கு. சரி, வேறு இடம் பார்க்கிறேன் என்று அவர் பிரான்ஸின் டன்கர்க் கிளப்புக்குப் போக முயன்றால், அதற்கும் டிரான்ஸ்ஃபர் தொகை கேட்டு லியேஜ் முட்டுக்கட்டை போட்டது. சம்பளத்தையும் குறைப்போம், போகவும் விட மாட்டோம். ஐந்து ஆண்டு வழக்குக்குப் பிறகு 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் காசில்லாமல் கிளப் மாறலாம் என்றானது. இன்று வாரம் சில லட்சம் பவுண்டு வாங்கும் வீரர்களின் பேரம் நிற்பது அந்த ஒரு தீர்ப்பின் மேல்தான். பாஸ்மனுக்குத் தன் ஆட்ட வாழ்க்கை போனதுதான் மிச்சம்.

5,000 பவுண்டுக்காக

சம்பளக் கோபத்துக்கு ஒரே ஓர் உதாரணம்தான் சொல்லலாம் என்றால் நான் ஆஷ்லி கோலைச் சொல்வேன்.

2003-04 பருவத்தில் லீக்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் சாம்பியனான ஆர்சனல் அணியின் இடது டிஃபெண்டர் அவர். கிழக்கு லண்டன்காரர், சிறுவயது முதலே ஆர்சனல் ரசிகர், அந்தக் கிளப்பின் பயிற்சிப் பள்ளியிலேயே வளர்ந்தவர். புதிய ஒப்பந்தத்துக்கு வாரம் 60,000 பவுண்டு என்று பேசி முடித்தாயிற்று என அவர் தரப்பு நம்பியிருந்தது. கடைசியில் கிளப் சொன்னது 55,000. 2006-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் அந்தத் தருணத்தை அவரே விவரித்திருக்கிறார்: கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஏஜென்ட் போனில் எண்ணைச் சொன்னாராம். கோபத்தில் உடம்பு நடுங்கி, வண்டி சாலையை விட்டு விலகப் பார்த்ததாம்.

கோலின் பக்கமிருந்து பார்த்தால் இதில் ஒரு நியாயம் உண்டு. அணியின் முக்கியமான வீரர்களில் ஒருவர். கொடுத்த வாக்கை மேலிடம் மாற்றிவிட்டது. வாரம் 5,000 என்றால் ஆண்டுக்கு 2,60,000 பவுண்டு. விகிதத்தில் பார்த்தால் சுமார் 8 சதவீதம். எந்தத் தொழிலிலும் வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்ட சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கடைசி நிமிடத்தில் வெட்டினால் ஆள் கோபப்படத்தான் செய்வார்.

ஆனால் ரசிகர் விகிதத்தையா பார்ப்பார்? அவர் கண்ணில் பட்டது 55,000 என்ற முழு எண். அது தன்னை அவமதிப்பதாக ஒருவர் புலம்புகிறார், அதையும் அச்சில் போடுகிறார். டிக்கெட்டுக்குப் பணம் சேர்க்கும் ஓர் ஆளால் இதை எப்படி ஜீரணிக்க முடியும்? அந்த ஒரு பத்தியை அவர் எழுதாமல் விட்டிருந்தால் பாதிக் கோபம் மிச்சமாகியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

மீதிப் பாதிக்குக் காரணம் லண்டனின் இன்னொரு கிளப்பான செல்சி. 2005 ஜனவரியில், ஆர்சனலுக்குத் தெரியாமல் லண்டன் ஹோட்டல் ஒன்றில் செல்சி மேலாளர் ஜோசே மொரின்யோவைக் கோல் சந்தித்தது வெளியே வந்தது. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரோடு இப்படித் திரைமறைவில் பேசுவது விதிமீறல். பிரீமியர் லீக் செல்சிக்கு 3,00,000 பவுண்டும், கோலுக்கு 1,00,000 பவுண்டும் அபராதம் போட்டது. கோலின் தொகை மேல்முறையீட்டில் 75,000 ஆனது. 2006 ஆகஸ்ட் கடைசி நாளில் அவர் செல்சிக்கே போனார். அப்புறம் ஆர்சனல் ரசிகர்கள் அவர் முகம் அச்சடித்த போலி நோட்டுகளை ஆட்டினார்கள். பெயரும் ‘கேஷ்லி’ ஆகிவிட்டது. செல்சியில் அவர் சாம்பியன்ஸ் லீக்வரை வென்றார். நாட்டின் மிகச் சிறந்த இடது டிஃபெண்டர்களில் ஒருவர் என்பதை எதிரிகளும் ஒப்புக்கொண்டார்கள். பட்டப்பெயர் மட்டும் போகவே இல்லை.

எண்கள் எங்கிருந்து வருகின்றன

‘வாரம் ஒரு லட்சத்தை மறுத்தார்’ என்று தலைப்பு வந்தால், உடனே கொதிக்காமல் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அந்த எண்ணை யார் கசியவிட்டார்கள் என்பது. பேச்சுவார்த்தை மூடிய அறையில் நடக்கிறது. எண் வெளியே வருகிறது என்றால், கிளப்போ ஏஜென்டோ சொல்லியிருக்க வேண்டும். கிளப் சொன்னால் ‘இவ்வளவு கொடுத்தும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற தொனியில் இருக்கும். ஏஜென்ட் சொன்னால் ‘இன்னொரு கிளப் இதைவிட அதிகம் தருகிறது’ என்று இருக்கும். இரண்டுமே பேரத்தின் ஒரு பகுதிதான். ரசிகர்களின் கோபத்தையும் மேசையில் ஒரு துருப்புச் சீட்டாக வைத்து ஆடுகிறார்கள் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

இன்னொன்று, எண்களை ஒப்பிடுவதில் உள்ள சிக்கல். இங்கிலாந்துப் பத்திரிகைகள் வாரச் சம்பளத்தை வரிக்கு முன் உள்ள கணக்கில் சொல்கின்றன. இத்தாலியில் ஆண்டுச் சம்பளம், அதுவும் வரி போக. லண்டன் எண்ணையும் மிலான் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ‘இரண்டு மடங்குக்கு ஆசைப்பட்டுப் போனான்’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் கணக்கில் கோட்டைவிட்டவர்கள்.

நேரமும் முக்கியம். 2015 ஏப்ரலில், லிவர்பூலின் 20 வயது ரஹீம் ஸ்டெர்லிங் வாரம் 1,00,000 பவுண்டை ஏற்கவில்லை என்ற செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிபிசிக்குப் பேட்டி கொடுத்து, தான் பணத்தாசை பிடித்தவன் அல்ல என்று சொன்னார். முந்தைய பருவத்திலேயே இந்தப் பேச்சு வந்திருந்தால் இதைவிடக் குறைந்த தொகைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பகுதியை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கோடையில் 49 மில்லியன் பவுண்டு வரை பெறுமான ஒப்பந்தத்தில் அவர் மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். பிறகு லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டுக்கு வந்தபோதெல்லாம் பந்து காலுக்கு வந்தாலே கூச்சல்தான்.

ஒருவருக்குக் கூச்சல், இன்னொருவருக்குக் கைதட்டல்

கோபம் பணக் கணக்கைப் பின்பற்றுவதில்லை என்பதைக் காட்ட ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பை விட நல்ல இடம் இல்லை. ஒரே கிளப், ஓராண்டு இடைவெளி, இரண்டு வீரர்கள், இரண்டு பேரும் போனது ஒரே போட்டிக் கிளப்பான பயர்ன் மியூனிக்குக்கு.

மாரியோ கோட்ஸே சிறுவனாக டார்ட்மண்டில் சேர்ந்து அங்கேயே வளர்ந்தவர். 2013 ஏப்ரல் 23 அன்று, அவர் பயர்னுக்குப் போவது உறுதி என்று செய்தி வெடித்தது. மறுநாள் டார்ட்மண்டுக்கு ரியல் மாட்ரிட்டோடு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி. ஒப்பந்தத்தில் இருந்த 37 மில்லியன் யூரோ விடுவிப்புத் தொகையைப் பயர்ன் கட்டிவிட்டது. ரசிகர்கள் அவர் ஜெர்சியை எரித்தார்கள். நவம்பரில் பயர்ன் சட்டையோடு திரும்பி வந்தபோது மைதானமே ஊளையிட்டது. மாற்று வீரராக இறங்கிய அவர் ஒரு கோலும் அடித்தார். கொண்டாடவில்லை. அதற்கும் மன்னிப்புக் கிடைக்கவில்லை.

ராபர்ட் லெவண்டோவ்ஸ்கி 2014-ல் போனார். டார்ட்மண்டுக்கு அவரால் வந்த தொகை பூஜ்யம், ஒப்பந்தம் முடிந்து சும்மா போனார். கணக்குப்படி பார்த்தால் 37 மில்லியன் கொடுத்துவிட்டுப் போனவர் நல்லவராகவும், இவர் துரோகியாகவும் ஆகியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. கடைசி உள்ளூர் ஆட்டத்தில் கூட்டம் அவர் பெயரைச் சொல்லிப் பாடியது, அவர் அழுதுவிட்டார்.

என்ன வித்தியாசம்? போகப் போகிறார் என்பது ஓராண்டுக்கு மேலாக ஊருக்கே தெரியும். கிளப் தடுத்தும் முறைக்காமல் கடைசிப் பருவம் முழுக்கக் கோல் அடித்துக்கொண்டே இருந்தார். போலந்திலிருந்து வந்தவர் ஒருநாள் போவார் என்ற எண்ணமும் எல்லோருக்கும் உள்ளூர இருந்தது. கோட்ஸே அப்படி இல்லை, ‘நம்ம பையன்’. வெளியூர்க்காரர் போனால் இழப்பு, வீட்டுப் பிள்ளை போனால் அவமானம் என்று ரசிகர் மனம் பிரித்துவைத்திருக்கிறது. இது நியாயமா என்று கேட்டால் இல்லைதான். நெஞ்சில் கை வைத்துச் சின்னத்தைக் காட்டும் வீரர்களை எனக்கு அதனாலேயே கொஞ்சம் பயம். கொடுத்த முத்தம் எல்லாம் பிற்பாடு வட்டியோடு திரும்பி வரும்.

டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு கதையும் இதே வகை. ஆறு வயதிலிருந்து லிவர்பூலில் இருந்தவர். 2025 மே மாதம் போகிறேன் என்று அறிவித்தார். சம்பளம்தான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, புதிய சவால் வேண்டும் என்றார். ஆனால் ஒப்பந்தம் முடியும்வரை ஓட்டிவிட்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனதால், பெரிய டிரான்ஸ்ஃபர் தொகை கிளப்புக்கு வரவில்லை. அறிவிப்பு வந்த வாரமே ஆர்சனலோடு நடந்த ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கியபோது, சொந்த மைதானத்திலேயே ஒரு பகுதிக் கூட்டம் ஊளையிட்டது. லீக் பட்டத்தை வென்ற பருவம் அது! அதே கிளப்பில் இரண்டு ஆண்டுக்கு முன் ரொபெர்டோ ஃபிர்மினோ ஒப்பந்தம் முடிந்து கிளம்பினார், போனது சவூதியின் அல்-அஹ்லி கிளப்புக்கு. அவரைப் பாட்டுப் பாடி அனுப்பினார்கள். வயது 31, முடிந்த அளவு கொடுத்துவிட்டார், இனி எங்கே வேண்டுமானாலும் சம்பாதிக்கட்டும் என்ற நிறைவு அது.

எதிரிக் கிளப்புக்குப் போவது தனி அத்தியாயம். டாட்டன்ஹாம் கேப்டனாக இருந்த சோல் கேம்பல், 2001-ல் ஒப்பந்தம் முடிந்ததும் பக்கத்து எதிரியான ஆர்சனலுக்கு இலவசமாகப் போனார். அந்த நவம்பரில் பழைய மைதானத்துக்கு வந்தபோது எங்கு பார்த்தாலும் ‘யூதாஸ்’ என்ற வாசகம். ஃபீகோ மாட்ரிட் வீரராகப் பார்சிலோனா மைதானத்தில் கார்னர் எடுக்கப் போனபோது வந்து விழுந்த பொருள்களில் 2002 நவம்பரில் ஒரு பன்றித் தலையும் இருந்தது. ஆட்டத்தை நடுவர் நிறுத்தி வைத்தார்.

கிளப் மட்டும் தப்பிவிடுகிறது

இந்தக் கதைகளில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. ஒப்பந்தம் முடிய இரண்டு ஆண்டு இருக்கும்போது பேசாமல் இருந்தது கிளப். குறைத்துக் கொடுத்துப் பார்த்தது கிளப். விடுவிப்புத் தொகையைச் சின்னதாக எழுதியதும் கிளப்தான். திட்டு முழுக்க வீரருக்கு. மைதானத்தில் கண்ணுக்குத் தெரிபவர் அவர்தானே. நிர்வாகி கண்ணாடி அறைக்குள் இருக்கிறார், அவர் படம் போட்ட ஜெர்சி கிடையாது எரிப்பதற்கு.

2022 கோடையில் பார்சிலோனாவில் நடந்தது இதன் உச்சம். ஃபிரெங்கி டி யோங்குக்குப் பெருந்தொற்றுக் காலத்தில் தள்ளிப்போட்ட சம்பளம் பெரிய அளவில் பாக்கி இருப்பதாகச் செய்திகள் வந்தன. கடனில் இருந்த கிளப் அவரை விற்க முயன்றது, அவர் போக விரும்பவில்லை. அப்போது பயிற்சிக்கு வந்த அவர் காரைப் பார்த்துச் சில ரசிகர்கள் ‘சம்பளத்தைக் குறை’ என்று கத்தினார்கள். போகிறேன் என்றால் துரோகி. இருக்கிறேன், தர வேண்டியதைத் தாருங்கள் என்றாலும் பேராசைக்காரர்.

அதே கிளப்பில் ஓராண்டுக்கு முன் லியோனல் மெஸ்ஸி சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தும் இருக்க முடியவில்லை. கிளப் சம்பளத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று ஸ்பானிய லீக் ஒரு வரம்பு வைத்திருக்கிறது, பார்சிலோனா அதைத் தாண்டிவிட்டிருந்தது. 2021 ஆகஸ்டில் அவர் கண்ணைத் துடைத்தபடி விடைபெற்றார். பழைய நிர்வாகம் தாறுமாறாகச் செலவழித்ததன் விலை அது. அங்கே ரசிகர்களின் கோபம் ஒருமுறை சரியான கதவைத் தட்டியது.

வீரர்கள் ஏன் இவ்வளவு கறாராகப் பேசுகிறார்கள் என்பதற்கும் எளிய காரணம் உண்டு. 35 வயதில் பெரும்பாலோருக்கு ஆட்டம் முடிந்துவிடும். பெரிய ஒப்பந்தம் என்று கிடைப்பது ஒன்றோ இரண்டோ, அதுவும் இருபதுகளின் நடுவில். இடையில் முழங்கால் போனால் எல்லாம் போச்சு. ஆட்டம் மங்கினால் கிளப் அவரை விற்கத் தயங்காது, அப்போது யாரும் கிளப்பைத் துரோகி என்று சொல்வதும் இல்லை. இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது என் ஓட்டு வீரருக்குத்தான். அதற்காக ரசிகருக்குக் கோபமே வரக் கூடாது என்று சொல்ல மாட்டேன். வீரருக்கு ஒப்பந்தம் முடிந்தால் வேறு கிளப் இருக்கிறது, மேலாளருக்கும் இருக்கிறது. ரசிகருக்குத்தான் டிரான்ஸ்ஃபர் கிடையாது. தன்னால் விட முடியாத ஒன்றை இன்னொருவர் ஒரு கையெழுத்தில் விட்டுவிட்டுப் போவதைப் பார்ப்பது வலிக்கத்தான் செய்யும்.

வலிக்கிறது என்பதற்காக எதையும் செய்யலாம் என்றாகாது. கூச்சல் போடுவது, பாட்டுக் கட்டிக் கிண்டல் செய்வது, போலி நோட்டு ஆட்டுவது எல்லாம் ஆட்டத்தின் ஒரு பகுதி. போலி நோட்டில் ஒரு நகைச்சுவைகூட இருக்கிறது. 2010 அக்டோபரில் வெய்ன் ரூனி மான்செஸ்டர் யுனைடெட்டோடு புதிய ஒப்பந்தம் போட மாட்டேன் என்று அறிவித்தபோது, முகத்தை மறைத்த ஒரு கும்பல் அவர் வீட்டு வாசலுக்கே போய்விட்டது, போலீஸ் வர வேண்டியதாயிற்று. கேம்பலுக்கு எதிராக 2008-ல்கூட, அவர் போர்ட்ஸ்மவுத்துக்கு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், டாட்டன்ஹாம் ரசிகர்கள் சிலர் அருவருப்பான வசைப்பாட்டுப் பாடினார்கள். வழக்காகி, சிலருக்கு மைதானத் தடையும் விழுந்தது. இதையெல்லாம் ரசனை என்ற கணக்கில் சேர்க்க முடியாது.

கோபம் ஆறுமா?

ரூனி விஷயத்தில் ஆறியது. வீட்டு வாசலில் கும்பல் நின்ற மறுநாளே அவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், சம்பளமும் ஏறியது. பணத்துக்காக நாடகம் ஆடினார் என்று முணுமுணுத்தவர்கள், அடுத்த பிப்ரவரியில் சிட்டிக்கு எதிராக அவர் தலைகீழாகப் பறந்து அடித்த கோலைப் பார்த்துவிட்டு அமைதியானார்கள். கிளப்புக்காக 253 கோல் அடித்து, சாதனையோடுதான் விடைபெற்றார்.

டொன்னரும்மா 2017-ல் ஒரு மாதத்துக்குள் மனம் மாறி, ஆண்டுக்கு 6 மில்லியன் யூரோ என்று சொல்லப்பட்ட சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். அவர் அண்ணனையும் கிளப் எடுத்துக்கொண்டது. 2021-ல் அந்த ஒப்பந்தம் முடிந்ததும் இலவசமாகப் பாரிஸ் போய்விட்டார். அக்டோபரில் இத்தாலி அணிக்காகவே மிலான் மைதானத்தில் இறங்கினார். யூரோ கோப்பையின் சிறந்த வீரர் விருது வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கோல்கீப்பர் பந்தைத் தொட்டபோதெல்லாம் சொந்த நாட்டு ரசிகர்களே எதிர்ப்புக் காட்டி விசிலடித்தார்கள். அவருக்குப் பதிலாக மிலான் எடுத்த மைக் மேன்யானோடு அடுத்த மே மாதமே லீக் பட்டமும் வென்றாயிற்று, அதாவது அவர் போனதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. இருந்தும் 2023 நவம்பரில் பாரிஸ் அணியோடு அவர் வந்தபோது, அவர் முகம் போட்ட நோட்டுகள் மறுபடியும் பறந்தன.

கோட்ஸே 2016-ல் டார்ட்மண்டுக்கே திரும்பினார். 2013-ல் எடுத்த முடிவு தெரிந்தே எடுத்தது, அதன் பின்னால் ஒளிந்துகொள்ள மாட்டேன், ஆனால் இன்றைக்கு அதை எடுக்க மாட்டேன், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது என்ற பொருளில் ரசிகர்களுக்கு எழுதினார். எல்லோரும் உடனே கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, முதல் சில வாரங்கள் முறைப்பு இருக்கத்தான் செய்தது. பிறகு கையும் தட்டினார்கள். பயர்னில் அவர் என்ன சம்பளம் வாங்கினார் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.